வரம்பு போடாத தேடல்

மகனை அடக்கம் செய்த அதே வாரத்தில் லொரேசி வேலைக்கு வந்துவிட்டாள். வர வேண்டிய அவசியமே இல்லை. விடுப்பு இருந்தது, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் இருந்தது. காலையில் வழக்கம்போல ஆலைப் பேருந்தில் வந்து இறங்கி, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணினியைத் திறந்தாள். நான் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வீட்ல உக்காந்து என்னடி பண்றது ஜுசாரா? அங்க சுவத்தப் பாக்கணும், இங்க திரையப் பாக்கணும். இங்கயாவது சம்பளம் குடுக்கறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகிறவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், கத்துகிறவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கிறவளை என்ன செய்வது? அன்று முழுக்க அவள் ஒரு நீண்டதூரப் பேருந்தின் பின்படிக்கட்டை வரைந்தாள். ஒரு பிழைகூட இல்லை.

எங்கள் கஷியாஸ் ஊரில் பாதிப்பேர் பஸ் கட்டுகிறவர்கள், மீதிப்பேர் பஸ் கட்டுகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள். ஆலையின் மேல்தளத்தில் நாங்கள் திரையில் பஸ் வரைவோம். கீழ்த்தளத்தில் அதைத் தகடாக வெட்டி, வளைத்து, பற்றவைப்பார்கள். லொரேசி மேல்தளத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டான். அவள் அதைப்பற்றி அலட்டிக்கொண்டதில்லை. கையில் ஒரு பையன் இருந்தான். அவனை வளர்த்தாள், படிக்க வைத்தாள். கடைசியில் அவனும் எங்கள் மேல்தளத்துக்கே, தூணுக்கு அந்தப் பக்கத்து மேசைக்கு வேலைக்கு வந்தான். பெயர் தியார்லெஸ்.

நெட்டையன். சிரிப்பு சத்தம் கான்டீன்வரை கேட்கும். மேசையில் எப்போதும் ரொட்டித் துணுக்கு. அம்மா சிபாரிசில் வந்தான் என்று நாலு பேர் பேசினார்கள். பேசினவர்கள் அவள் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியதைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய வரைபடத்தையும் ஒருமுறை சரிபார்ப்பாள் என்றால் அவனுடையதை இரண்டு முறை பார்ப்பாள். "வரம்பு போடு, வரம்பு போடு" என்பதுதான் ஓயாத பாட்டு.

அது என்ன வரம்பு என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் வரைகிற மென்பொருளில் ஒரு பேருந்துத் தரை என்பது ஒரு படம் அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டளைகள். தகடு போடு, துளை போடு, ஓரத்தை வளை, முனையை உருட்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஃபீச்சர் என்று பெயர். இப்போது தரையில் முந்நூறு துளை இருக்கிறது, அத்தனைக்கும் ஒவ்வொரு மரை புஷ் பொருத்த வேண்டும் என்று வையுங்கள். இருக்கையை முடுக்கும் போல்ட்டு அந்தப் புஷ்ஷில்தான் ஏறும். எந்தப் பைத்தியக்காரன் முந்நூறு துளையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவான்? அதற்குப் பதிலாக ஒரு தேடலை எழுதுவோம். "எட்டு மில்லிமீட்டர் துளை எங்கெங்கே இருக்கிறதோ எல்லாவற்றையும் எடு." அந்தத் தேடலை ஃபீச்சருக்குள்ளேயே சேமித்துவிடலாம். நாளைக்குத் தரையை நீட்டிப் புதிதாகப் பத்துத் துளை போட்டால், தேடல் தானே போய் அவற்றையும் கண்டுபிடித்து எடுத்துவரும்.

சுகமான விஷயம்தான். ஆனால் தேடலுக்கு மூளை கிடையாது. எட்டு மில்லிமீட்டர் என்று சொன்னால் எட்டு மில்லிமீட்டரில் இருக்கிற அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். வேண்டியது, வேண்டாதது பார்க்காது. அதனால்தான் வரம்பு: "இருக்கைத் தண்டவாளத்தின் மேல் இருக்கிறவை மட்டும்" என்று ஒரு நிபந்தனை. தியார்லெஸுக்கு அந்த ஒரு வரி எழுதத்தான் கை வலிக்கும்.

இன்னொன்று. சேமிக்கிற தேடலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். ஒழுங்கானவர்கள் "தரை, இருக்கைத் துளை" என்று வைப்பார்கள். எங்கள் ஆட்கள் "தொடாதே" என்றும், "இதுதான் கடைசி" என்றும், அதற்கடுத்த வாரம் "நிஜமாகவே இதுதான் கடைசி" என்றும் வைத்திருந்தார்கள். தியார்லெஸ் அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடுகிறதோ அதை வைப்பான். "மழை". "வெள்ளிக்கிழமை". "வெள்ளிக்கிழமை இரண்டு". "கால் வலிக்குது". பெயருக்குப் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயரை மென்பொருள் தானே எழுதிக்கொள்ளும்.

எங்கள் ஊருக்குக் குளிர்காலமான ஒரு ஜூன் மாதத்து மூடுபனியில், மலைப்பாதை வளைவில், மோட்டார் சைக்கிளோடு போய்விட்டான். இருபத்தாறு வயது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அதன்பின் ஒரு வருஷத்துக்கும் மேல் லொரேசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் நான். சாப்பிட்டாள். பொலெந்தா, எங்கள் மக்காச்சோளக் களி, ஆறிப்போயிருந்தாலும் அப்படியே சாப்பிட்டாள். மாத்தே என்கிற இலைத்தேநீர்ச் சுரைக்குடுக்கையை நீட்டினால் வாங்கி உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நீர் சூடாக இருக்கிறதா, கசக்கிறதா, ஒன்றும் சொல்லமாட்டாள். முன்பெல்லாம் என் மாத்தேயைக் கழுதை மூத்திரம் என்று வைவாள், அந்த வசவுக்கே நான் ஏங்கிப்போனேன். பணியாளர் நலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, "உங்க உணர்ச்சிகளைப் பேசுங்க டோனா லொரேசி" என்றாள், எங்களில் மூத்த பெண்ணைக் கூப்பிடுகிற மரியாதையோடு. லொரேசி அவளைப் பார்த்து, "இருந்தாப் பேசலாம்மா" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். அந்தப் பெண் பாவம், அழுதுகொண்டே போனாள்.

அவன் மேசையில் வேறொருவர் உட்கார்ந்தார். அவன் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால் உடனே எல்லோரும் லொரேசியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் காசியோ வந்தார். புதிய வடிவமைப்பு மேலாளர், சாவோ பாவுலோவில் படித்தவர். மோசமான மனிதர் இல்லை. மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறப்போகிறோம் என்றும், அதற்குமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஃபீச்சர்களுக்குள் ஆயிரக்கணக்கில் தேடல்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு தரையைத் திறந்தால் அத்தனை தேடலும் ஒருமுறை ஓடி, காபி குடித்துவிட்டு வரும் நேரமாகிறது. இருப்பவர்களுடைய தேடலுக்கு முறையான பெயர் வைக்க வேண்டும். ஆலையை விட்டுப் போனவர்களுடையதை, அது கடைசியாகக் கண்டுபிடித்த துளைகளை மட்டும் அப்படியே உறைய வைத்துவிட்டு, அழித்துவிட வேண்டும்.

யார் செய்வது என்ற கேள்வியே வரவில்லை. எங்களில் கவனமானவள் யாரென்று கீழ்த்தளத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

காசியோ அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காதுமடல் சிவந்திருந்தது. "டோனா லொரேசி, போனவங்க லிஸ்ட்ல உங்க... தியார்லெஸ் பேர்லயும் நெறைய இருக்கு. அத மட்டும் நான் வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன்."

"எதுக்கு?"

"இல்ல, உங்களுக்கு..."

"அவன் வேலை எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். வேற யாராவது தொட்டா நாலு பஸ்ஸக் கெடுப்பாங்க. நானே பண்றேன்."

அவர் போனதும் நான் அவள் நாற்காலியைத் திருப்பினேன். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆளு தானா வந்து விடுறேன்னு சொல்றான். விட வேண்டியதுதானே? குடு, நான் பண்றேன்."

"அவன் சட்டையெல்லாம் நான்தான் மடிச்சு சர்ச்சுக்குக் குடுத்தேன். நீயா குடுத்த?" என்றாள். "இதுவும் அதுமாதிரிதான். திருப்பி விடு என் நாற்காலிய."

சட்டை போய்விட்டது, மேசை போய்விட்டது. இந்த ஆலையில் அவன் பெயர் மிச்சமிருந்தது அந்தத் தேடல்களுக்குப் பக்கத்தில் மட்டும்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடைசித் தேடலை அழிக்கிற அன்று தியார்லெஸ் என்று தட்டினால் மென்பொருள் "எதுவும் இல்லை" என்று சொல்லும். அந்த வேலையைப் பெற்றவளே உட்கார்ந்து செய்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். 

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. திறப்பாள். தேடலை ஒருமுறை ஓடவிடுவாள், அது பிடித்த துளைகளெல்லாம் திரையில் பச்சையாக எரியும். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். உறைய வை. அழி. நிச்சயமா? ஆம். அடுத்தது. "மழை" போனது. "கால் வலிக்குது" போனது. "வெள்ளிக்கிழமை" போனது. "வெள்ளிக்கிழமை இரண்டு" வந்தபோது நான் எழுந்து கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தால் அதுவும் போயிருந்தது.

"ஒண்ணையாவது வச்சுக்கயேன் லொரேசி. ஒரே ஒண்ணு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எதுக்கு வச்சுக்கணும்? பஸ்ஸுக்கு அது வேணாம்."

இப்படியே சில வாரம் ஓடியது. பட்டியலில் அவன் பெயருக்கு நேரே இருந்தவை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டன.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நகரப் பேருந்தின் தரையைத் திறந்தாள். தியார்லெஸ் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு முடித்து, அவள் அடக்கத்துக்குப் போயிருந்த நாட்களில் அவள் சரிபார்க்காமலே கீழே போய்விட்ட தரை அது. அதில் ஒரு ஃபீச்சருக்குள் "பசிக்குது" என்று ஒரு தேடல். ஓடவிட்டாள். இருக்கை வரிசை நெடுகப் பச்சைப் புள்ளிகள். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. லொரேசியின் கை மவுஸின் மேல் நின்றுவிட்டது. திரையைக் கிட்ட இழுத்து, முன்கதவுப் படிக்குப் பக்கத்தில் பெரிதாக்கினாள்.

படிக்குப் பக்கத்தில் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். மழையில் ஏறுகிறவர்கள் கொண்டுவருகிற தண்ணீர் அங்கே சேரும், கீழே இறங்க அங்கே நாலு வடிகால் துளை உண்டு. அவையும் எட்டு மில்லிமீட்டர். அந்த நாலும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருபக்கம் மூடிய மரை புஷ் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்து, துளையை அடைத்திருந்தது.

"டேய்!"

நான் துள்ளி விழுந்தேன். மேல்தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"டேய் தியார்லெஸ்! எத்தன தடவடா சொல்றது? வரம்பு போடு வரம்பு போடுன்னு தொண்ட கிழியக் கத்தறேனே, காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? ஒரு வரிடா! ஒரே ஒரு வரி! அத எழுத முடியல, பசிக்குதாம் பசி! தின்னுட்டு வந்து எழுதறதுதானே, யாரு வேணாங்கறா?"

மேசையை ஓங்கி அடித்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்துத்தான் கத்தினாள். அந்த மேசையில் இப்போது உட்காருகிறவர், பாவம், பேனாவைக் கையில் பிடித்தபடி எழுந்தே நின்றுவிட்டார். காசியோ கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஓடிவந்து பாதிவழியில் நின்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைத்து என்ன பிரயோஜனம்? இவ்வளவு நாள் கழித்து அவளுடைய பழைய குரலைக் கேட்கிறேன்.

பிறகு சட்டென்று அடங்கினாள். "ஜுசாரா, இந்தத் தரை எப்பருந்து ஓடுது?"

"போன வருஷத்துலருந்து."

"ஒரு வருஷமா இந்தப் பஸ் வெளிய போவுது. படியில தண்ணி நிக்குதுன்னு ஒரு புகார்கூட வரல. எப்படி?"

நான் யோசிப்பதற்குள் அவள் பாதுகாப்புக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கீழ்த்தளத்தில் தரைப் பிரிவின் மேற்பார்வையாளர் வால்மோர். மீசையும் தொந்தியுமாக, உரத்துப் பேசுகிற ஆள். லொரேசி படியிறங்கி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலேயே எனக்கு ஏதோ இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"வாங்க டோனா, வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

"நகரப் பஸ் தரையில வடிகால் துளைல புஷ் வருதா இல்லையா?"

"அது..." அவர் தொப்பியைக் கழற்றினார். "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல டோனா. நாங்க இங்கயே பாத்துக்கறோம்."

"என்னத்தப் பாத்துக்கறீங்க?"

 பக்கத்தில் துளைக்கருவியோடு நின்றவர் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையைக் காலால் வெளியே தள்ளினார். கூடை நிறைய மரை புஷ். எல்லாம் நசுங்கி, கழுத்து திருகி, துளைத்து எடுத்தவை.

லொரேசி குனிந்து ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"ஒவ்வொரு பஸ்ஸுலயும் எடுத்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு மேல சொல்லல?"

"சொன்னா திருத்தத்துக்கு உங்க மேசைக்குத்தான் வரும். பேரோட வரும்." வால்மோர் தொப்பியைக் கசக்கினார். "முதல் தரை இங்க வந்தப்போ அவன் போயி ஒரு மாசம்கூட ஆகல டோனா. அந்த நேரத்துல போயி, உங்க பையன் தப்பு பண்ணிருக்கான்னு எப்படிச் சொல்றது? இங்க எல்லாரும் கூடிப் பேசினோம். நாலு புஷ்தானே, அஞ்சு நிமிஷ வேல, எடுத்துப் போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். அப்பறம் அதுவே பழகிப்போச்சு."

 முரட்டுப் பயல்கள். ஒரு தாய் மனம் நோகக்கூடாதென்று ஒரு வருஷமாகக் குனிந்து குனிந்து புஷ்ஷைப் பெயர்த்திருக்கிறார்கள். லொரேசி இப்போது அழுவாள், வால்மோரின் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

அவள் கையிலிருந்த புஷ்ஷைக் கூடைக்குள் விட்டெறிந்தாள்.

"செத்துப்போயிட்டா தப்புப் பண்ணாதவன் ஆயிடுவானா? உயிரோட இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க? இந்தக் கூடைய அவன் தலையிலயே கவுத்திருப்பீங்க!"

"கவுத்திருப்போம்," என்றார் வால்மோர்.

"அப்போ கவுக்க வேண்டியதுதானே?"

"யாரு தலைல கவுக்கறது? உங்க தலைலயா?"

"ஆமாய்யா! என் தலைலதான்!" குரல் உடைந்தது. "ஒரு வருஷமா எங்கிட்ட ஒருத்தர் அவன் பேரச் சொல்லல. பூசைல பாதிரியார் சொன்னதோட சரி. இவ பக்கத்துலயே உக்காந்திருக்கா, இவ சொல்றதில்ல. எல்லாரும் என்னைப் பாத்தா வாய மூடிக்கறீங்க. அப்படி ஒருத்தன் இருந்தானா, நானாதான் நெனச்சுக்கிட்டேனான்னுகூட எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. இங்க தினம் தினம் அவன் தப்ப வச்சுக்கிட்டு அவனப் பத்திப் பேசிருக்கீங்க. எனக்கு மட்டும் சொல்லல!"

துளைக்கருவிகள் ஒவ்வொன்றாக நின்றன.  "இவ" என்று என்னைக் காட்டினாளே, அது சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும், நியாயம்தானே.

தரைப் பிரிவில் காபி மேசைக்கு மேலே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. எங்களில் எவருடைய வரைபடம் சொதப்பினாலும் பெயர் அதில் ஏறும். ஏறினவர் மறுநாள் காபி நேரத்துக்கு கிரோஸ்தோலி என்கிற மாவுப் பலகாரத்தைப் பொரித்து, சர்க்கரை தூவி, கீழே கொண்டுவர வேண்டும். அதைத் தின்று முடிக்கும்வரை அவர்கள் என்ன கிண்டல் செய்தாலும், எப்படி வைதாலும், மேசைக்குப் பக்கத்திலேயே நின்று வாய் திறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் நின்றிருக்கிறேன். லொரேசிகூட ஒருமுறை நின்றிருக்கிறாள்.

அவள் நேரே அந்தப் பலகைக்குப் போய்க் கைகாட்டினாள். "எழுதுங்க."

"டோனா..."

"அவன் பேர எழுதுங்க வால்மோர். என் பேர இல்ல. பக்கத்துல 'பசிக்குது'ன்னும் போடுங்க, அந்தத் தேடலுக்கு அவன் வச்ச பேரு அது."

வால்மோர் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டது. யாரோ பின்னால் மூக்கை உறிஞ்சினார்கள்.

மேலே வந்ததும் லொரேசி அந்தத் தேடலைத் திறந்தாள். அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. தப்பை உறைய வைக்க முடியாது, முதலில் திருத்தியாக வேண்டும். "இருக்கைத் தண்டவாளத்தின் மேல் மட்டும்" என்று அந்த ஒரு வரியைத் தட்டினாள். படிக்குப் பக்கத்தில் நாலு பச்சைப் புள்ளியும் அணைந்தன. இனி சேமிக்க வேண்டியதுதான். சேமித்தால் அவன் பெயர் போய் அவள் பெயர் வந்துவிடும்.

"லொரேசி, இதான் கடைசியா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு மூணு இருக்கு. அதுவும் போயிடும்."

"இருக்கட்டுமே. வேற மாதிரி எதாவது பண்ணி..."

"பலகைல நிக்கட்டும். பஸ்ஸுக்குள்ள தப்போட அவன் பேரு நிக்க வேணாம்," என்று சொல்லிச் சேமித்தாள். பெயர் மாறியது. அவள் அதைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். நான் மாத்தேயைக் கொடுத்தேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இது என்னடி, கழுத மூத்திரம்," என்றாள்.

மறுநாள் காபி நேரத்தில் பெரிய தட்டில், வெள்ளைத் துணி போர்த்தி, கிரோஸ்தோலியைக் கொண்டுபோனாள். நானும் காசியோவும் பின்னால் போனோம். காசியோவை யாரும் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார். கீழ்த்தளத்து ஆட்கள் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றார்கள், தலை குனிந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. லொரேசி துணியை எடுத்தாள். ஒருவர்கூட தொடவில்லை.

அவள் மேசைக்குப் பக்கத்தில், தப்புச் செய்தவர் நிற்கிற இடத்தில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றுமில்லை.

"சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள்.

வால்மோர்தான் முதலில் ஒன்றை எடுத்தார். கடித்தார். மீசையெல்லாம் சர்க்கரை. மென்று விழுங்கி, பலகையைப் பார்த்தார், லொரேசியைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இந்தத் தியார்லெஸுக்கு என்ன நெனப்பு? தண்ணிய பஸ்ஸுக்குள்ளயே தேக்கி மீன் வளக்கலாம்னு பாத்தானா?"

யாரும் சிரிக்கவில்லை.  லொரேசி அப்படியே நின்றாள்.

"அவ்ளோதானா?" என்றாள். "எம்பேரு ஏறினப்போ இதவிட மோசமாத் திட்டினீங்க."

துளைக்கருவிக்காரர் ஒன்றை எடுத்துக்கொண்டார். "மீனா? அந்தச் சோம்பேறி மீனுக்கு எர போட மாட்டான். 'பசிக்குது'ன்னு எழுதி வச்சிட்டு அவனே தின்னுடுவான்."

இப்போது ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. பிறகு எல்லோரும் தட்டுக்குக் கைநீட்டினார்கள், எல்லோருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அவனுடைய கால் நீளம். அவன் ஹெல்மெட்டைக் கான்டீனில் மறந்துவிட்டு ஆலை முழுக்கத் தேடியது. கீழே அளவெடுக்க வந்து, ஈரப் பெயிண்டில் உட்கார்ந்து, பின்பக்கம் மஞ்சளாக மேல்தளத்துக்கு ஏறிப்போனது. கழுதை என்றார்கள், மரமண்டை என்றார்கள், அம்மா பெயரைக் கெடுக்கவந்த பிள்ளை என்றார்கள். நானும் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லி, வாய்கொள்ளாமல் சொன்னேன்.

லொரேசி விதிப்படி வாய் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் தாரை தாரையாக இறங்கி மோவாயில் சொட்டியது. துடைக்கவும் இல்லை.

தட்டில் சர்க்கரைத் தூளும் ஒன்றிரண்டு துண்டும்தான் மிச்சம். காபி நேரம் முடிந்து மணி அடித்தது. தின்று முடித்தால் தண்டனை முடிந்தது, போய்விடலாம். ஆட்கள் தொப்பியை எடுத்தார்கள்.

"இன்னும்," என்றாள் லொரேசி. "இன்னும் சொல்லுங்க."

வால்மோர் மணி அடித்த பக்கம் திரும்பவே இல்லை. மிச்சமிருந்ததில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "அந்தக் கழுத இன்னொரு நாளு என்ன பண்ணான் தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.